தையல்காரரின் முழங்காலும் என் சோதனை அட்டைகளும்

பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களுக்கான சோதனைத் தாள் ஒன்றைத் தமிழில் ஆக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். முன்பு அந்த வேலையைச் செய்தவள் என்பதால் என் அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் செய்த தாள் நல்ல தாள் அல்ல. அதை வைத்துத்தான் ஒரு மனிதரை எதுவும் விளங்காதவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் பேரில் அவரைக் கேளாமலே அவருடைய காலை வெட்ட நாள் குறித்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவள். இந்தத் தொழிலுக்குப் பட்டப்படிப்பு வராத காலத்தில் பயிற்சி பெற்று, சேவைக்காலம் முழுவதையும் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் கழித்தேன். எங்கள் பிரிவுக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்களும் வந்தார்கள். மூன்று விதமான பேச்சு. ஒருவருடைய தமிழில் சோதித்தால் மற்றவருக்கு அநியாயம் என்று நினைத்து, ஆங்கிலத் தாளைப் புத்தகத் தமிழில் மொழிபெயர்த்தேன். நாங்கள் பேச்சில் கதிரை என்பதை நாற்காலி ஆக்கினேன். யாருக்கும் சலுகை காட்டாத தமிழ் என்று எனக்குப் பெருமை. அது யாருக்குமே சொந்தமில்லாத தமிழாக இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

பிழை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த கொள்கையிலும் அதன் வேர் இருந்தது. மொழி என்பது மூளைக்குள் ஒரு தனி அறை, இலக்கணம் அதற்குள் பூட்டிய ஓர் அலுமாரி என்பதுபோல்தான் நாங்கள் படித்தோம். நோயாளியின் தொழில், வீடு, கைப்பழக்கம் எல்லாம் அறைக்கு வெளியே. அலுமாரியைத் திறந்து எது உடைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே எங்கள் வேலை.

நடுவயதில் ஒரு வருடம், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கும் வைத்தியசாலை ஊழியர்களுக்கும் நடந்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். பதவி உயர்வுக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நடத்தியவர் மொழியியல் விரிவுரையாளர். ஹுன்னஸ்கிரியத் தோட்டமொன்றில் பிறந்தவர், ஏறக்குறைய என் வயது. வகுப்பிலும் தோட்டத்துப் பேச்சுத்தான் பேசுவார்.

அறிதல்சார் மொழியியல் என்ற துறையை அவரிடம்தான் முதலில் கேள்விப்பட்டேன். அது ஒரு சண்டையில் பிறந்தது என்பார். அமெரிக்காவில் அப்போது செல்வாக்கோடிருந்த கொள்கை, இலக்கணத்தைப் பொருளிலிருந்து பிரித்துத் தனியாக ஆராயலாம் என்றது. அந்தப் பள்ளியிலேயே படித்த சிலர், பொருளை ஒதுக்கிவிட்டு இலக்கணத்தை விளக்க முடியாது என்று வாதாடினார்கள். வாதத்தில் அவர்கள் வென்றதாக யாரும் சொல்லவில்லை. எழுபதுகளில் அவர்கள் தனித்தனியே வேறு பாதை தேடினார்கள். அதே காலத்தில் உளவியலாளர்கள், மனிதர் பொருள்களை வகைப்படுத்தும்போது நேர்கோடு போட்டுப் பிரிப்பதில்லை, நடுவில் நல்ல உதாரணங்களும் ஓரத்தில் சந்தேகமானவையும் இருக்கின்றன என்று காட்டினார்கள். இரண்டும் சந்தித்தன. எண்பதுகள் முடியும்போது அவர்களுக்கென்று ஒரு சங்கமும் சஞ்சிகையும் இருந்தன. மொழிக்குத் தனி அறை கிடையாது, பார்ப்பது, நடப்பது, பிடிப்பது, நினைவில் வைப்பது எல்லாம் எந்த மனத்தால் நடக்கின்றனவோ அதே மனத்தால்தான் பேசுவதும் நடக்கிறது என்பதே அவர்கள் நிலைப்பாடு.

இதை அவர் சொன்ன விதம் இன்னும் எளிது.

“வெல ஏறுதுன்னு சொல்றோம். வெலைக்குக் காலா இருக்கு ஏறுறதுக்கு? சாக்குல அரிசியக் கொட்டக் கொட்ட மட்டம் ஏறுது. சின்ன வயசுல இருந்து கண்ணால பாத்தது. கூடுறதும் ஏறுறதும் ஒண்ணா நடக்குது. பெறகு வெலைக்கும் காய்ச்சலுக்கும் அதையே வச்சுக்கிறோம்.”

நான் மனதுக்குள் வார்டில் நாங்கள் பேசுவதை நினைத்துக்கொண்டேன். சீனி ஏறிவிட்டது. பிரஷர் இறங்கிவிட்டது.

“மாமியார்னு ஒரு சொல்ல மட்டும் தனியா எடுக்க முடியுமா? கல்யாணம், மருமக, அடுப்படி எல்லாம் சேந்துதானே வருது. ஒரு சொல்லத் தொட்டா ஒரு உலகமே எந்திரிக்குது.” இப்படி ஒருநாள். இன்னொரு நாள்: “நாய் பையனக் கடிச்சிருச்சு. பையன நாய் கடிச்சிருச்சு. நடந்தது ஒண்ணுதான். நீங்க எங்க நின்னு பாக்குறீங்கங்கறதச் சொல்றதுதான் இலக்கணம்.”

வகுப்பு முடியும் தறுவாயில் என் சோதனை அட்டைகளை அவரிடம் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான். ஓர் அட்டையில் சேவல், ஆடு, மீன், பூனை நான்கும் இருந்தன. கீழே “பறவையைக் காட்டுங்கள்” என்று எழுதியிருந்தது. அவர் சேவலின் மேல் விரலை வைத்தார்.

“எங்க தோட்டத்துல கோழிய யாரும் பறவைன்னு சொல்ல மாட்டாங்க மிஸ். குருவிதான் பறக்குறது. கோழி கோழிதான்.”

“அது பேச்சுத் தமிழ். இது சோதனை,” என்றேன்.

“இதுல நீங்க யாரச் சோதிக்கிறீங்க? நோயாளியையா, அவரு படிச்ச பள்ளிக்கூடத்தையா?”

எனக்குக் கோபம் வந்தது. அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தேன். சான்றிதழைக் கோப்பில் வைத்தேன். அட்டைகளில் ஒன்றையும் மாற்றவில்லை. படித்ததை ஒரு பக்கத்திலும் செய்யும் வேலையை இன்னொரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வாழ முடியும். நான் வாழ்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அலவத்துகொடையிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். பெயரைத் தவிர்க்கிறேன். முஸ்லிம் ஊர்களில் அண்ணனை நானா என்பார்கள், ஊரில் அவர் டெய்லர் நானா, நானும் அப்படியே சொல்கிறேன். அறுபது வயதை நெருங்கியவர். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு முற்றாக நின்றுவிட்டது. தொண்டையிலிருந்து ஒலி வரும், சொல் வராது. முதல் மாதத்தில் நான் அவரைச் சோதித்தேன். சேவல் அட்டையைப் பார்த்துத் தலையாட்டி மறுத்தார். “ஆடு மனிதனால் இழுக்கப்படுகிறது” என்று வாசித்தபோது, ஆடு மனிதனை இழுக்கும் படத்தில் விரலை வைத்தார். நாற்காலி என்றதும் என் முகத்தைப் பார்த்தார். கேட்டு விளங்கும் திறன் மிகக் குறைவு என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்திட்டேன்.

மூன்றாம் மாதம் அவர் வேறு காரணத்துக்காக வார்டுக்குத் திரும்பி வந்தார். பல வருடச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது பாதத்தில் புண் வந்து விரல்கள் கறுத்துவிட்டன. இடது கால்தான் அவருக்கு மிஞ்சியிருந்த கால். சத்திரசிகிச்சை நிபுணர் முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று தீர்மானித்தார். கோப்பில் என் அறிக்கை இருந்தது. ஆகவே சம்மதப் பத்திரம் மகனிடம் போனது, மகன் கையெழுத்துப் போட்டார். டெய்லர் நானா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார், தாதி கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் காலை இழுத்துக்கொண்டார். விளங்காமல் பயப்படுகிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விளங்காதவர் என்று ஒருமுறை எழுதப்பட்டவர் என்ன செய்தாலும் அது விளங்காமையின் அடையாளம்தான்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மதியம் அவருடைய மனைவி என்னை நடைவழியில் மறித்தார்.

“மிஸ், நீங்கதானே இவருக்கு ஒண்டும் வெளங்கல்ல எண்டு எழுதினது?”

“ஓம். சோதிச்சுப் பாத்துத்தான் எழுதினனான்.”

“நான் பெருசாப் படிக்கல்ல. ஆனா முப்பது வருஷம் இவரோட குடும்பம் நடத்துறன். இவருக்கு வெளங்குது. முந்தநாள் சும்மா பேசிக்கொண்டு ஈக்கக்குள்ள, பக்கத்து ஊட்டுப் புள்ளட கலியாண உடுப்ப வேற கடைக்குக் குடுத்துட்டாங்க எண்டு சொன்னன். மொகத்த அங்கால திருப்பிக்கிட்டாரு. கட்டிலச் சுத்திப் போய்ப் பாத்தா கண்ணுல தண்ணி. வெளங்காத மனிசன் ஏன் மிஸ் அழுறாரு?”

வகுப்பில் கேட்டது அப்போதுதான் உறைத்தது. கலியாண உடுப்பு என்ற சொல் ஒரு உலகத்தையே எழுப்பியிருக்கிறது. என் அட்டைகளில் அவருடைய உலகத்தைத் தொடும் சொல் ஒன்றுகூட இருக்கவில்லை.

நிபுணரிடம் போனேன். சிங்களவர், சுருக்கமாகப் பேசுபவர். நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டோம். என் அறிக்கை பிழையாக இருக்கலாம் என்றேன்.

“இருக்கலாமா, இருக்கிறதா?”

“தெரியாது. திரும்பச் சோதிக்க வேண்டும்.”

“நாளைக் காலை முதல் ஆள் அவர். நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிறது, ஒத்திவைக்க மாட்டேன். இன்று நாலு மணிக்கு நான் வார்டுக்கு வருவேன். அதற்குள் என்ன செய்ய முடியுமோ செய்யுங்கள்.”

இரண்டு மணித்தியாலம் இருந்தது. வைத்தியசாலைக்கு எதிரே இருந்த கடையில் ஒரு அளவு நாடாவும் தையல் சோக்கும் வாங்கினேன். அட்டைகளை அறையிலேயே விட்டுவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர் முன்னால் நாடாவை வைத்தேன். நல்ல இடது கையால் அதை எடுத்தார். ஒரு கையாலேயே விரலில் சுற்றி, விரித்து, மறுபடி சுற்றினார்.

“நானா, நல்ல உடம்பான ஆள் ஒராளுக்கு ஒரு காற்சட்டை. அரை மீற்றர் துணி போதும்தானே?”

என்னை ஏளனமாகப் பார்த்தார். நாடாவை விரித்து எவ்வளவு வேண்டும் என்று காட்டினார். சின்னப் பிள்ளைக்கு என்று கேட்டேன். நாடாவைக் குறைத்தார். சட்டைக்குக் கையை முதலில் தைத்துவிட்டுப் பிறகு துணியை வெட்டலாமா என்று கேட்டேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. மூன்று மாதத்தில் முதல் தடவை என்று மனைவி சொன்னார். பதினைந்து இருபது கேள்விகள் இப்படிக் கேட்டேன். சரியானதையும் பிழையானதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன், என் முகத்தைப் பார்த்து ஊகிக்காமல் இருக்க அவருடைய தலைமாட்டுப் பக்கம் போய் நின்றும் கேட்டேன். ஒன்றில்கூடப் பிசகவில்லை.

அதற்குப் பிறகுதான் காலைப் பற்றிப் பேசினேன். கறுப்பு எங்கே இருக்கிறது, எங்கே ஏறுகிறது, டொக்டர் எந்த இடத்தில் வெட்டப்போகிறார் என்பதைச் சோக்கால் போர்வை மேலே கோடு போட்டுக் காட்டினேன். முழங்காலுக்கு மேலே கோடு போட்டதும் உள்ளங்கையால் அதை அழித்தார். பிறகு நாடாவின் நுனியை முழங்காலில் வைத்து, ஐந்தாறு அங்குலம் கீழே இழுத்து, அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வெட்டவே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. எங்கே வெட்டுவது என்பதுதான் அவருடைய கேள்வியாக இருந்தது. ஏன் முழங்கால் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முழங்கால் அவருடையது.

நாலு மணிக்கு நிபுணர் வந்து அந்த விரலைப் பார்த்தார். கீழே வெட்டலாம், ஆனால் இரத்த ஓட்டம் மோசம், ஆறாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது, அப்படியானால் இரண்டாம் தடவை மேலே வெட்ட வேண்டும், இரண்டாம் தடவையை இருதயம் தாங்குமா தெரியாது என்றார். “இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்த முடியுமா?”

இந்த இடத்தில் நான் செய்ததை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். தாதியிடம் ஒரு பழைய படுக்கை விரிப்புத் துண்டை வாங்கினேன்.

“நானா, துணியை நீளமா விட்டு வெட்டினா, பிறகு வேணுமெண்டால் இன்னும் வெட்டலாம். கட்டையா வெட்டினா ஒட்ட ஏலாது. அதுமாதிரி, கீழ வெட்டினா முழங்கால் மிஞ்சும். ஆறாட்டில் திரும்ப மேல வெட்டோணும்.” துணியை மடித்துக் காட்டினேன். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: “ஆனா இது துணியில்ல. ரெண்டாந்தரம் நோகும். உங்கட இருதயம் தாங்காமல் மௌத்தாகவும் கூடும்.”

அவர் துணியையும் காலையும் பார்த்தார். மீண்டும் அதே இடத்தில் விரலை வைத்தார். அப்படியானால் மேலே வெட்டச் சொல்கிறேன், சரிதானே என்று வேண்டுமென்றே திருப்பிக் கேட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே விடை. கீழே வெட்டச் சம்மதம் என்ற புதிய பத்திரத்தில் இடது கையால், கோணலாக, தன் பெயரை எழுதினார். என் பழைய அறிக்கை பிழையானது என்று நான் எழுதி அதன் பக்கத்தில் வைத்தேன்.

மகன் மாலையில் வந்து விஷயத்தை அறிந்தார். பத்திரத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு வெளியே போனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதுவது எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மறுநாள் அவர் காட்டிய இடத்தில், முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். கால் ஆறவில்லை. பத்தாம் நாள் தையல் ஓரங்கள் கறுத்தன. இரண்டாவது சத்திரசிகிச்சை தேவை என்று தெரிந்த அன்று மகன் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மிஸ், டொக்டர் முதல்லயே மேல வெட்டச் சொன்னாரு. நான் சைனும் வெச்சிட்டன். நீங்க வந்து துணிக்கதை சொல்லி வாப்பாவ மாத்திட்டீங்க.”

“அவர் உங்கட வாப்பா. அவற்ற கால். நான் கேட்டனான், அவர் சொன்னவர்.”

“கேட்ட வெதம் ஈக்கிது தானே? டெய்லர்கிட்டப் போய், நீளமா வெட்டினாப் பொறகும் வெட்டலாம் எண்டு சொன்னா, அவர் எதச் சொல்லுவாரு? அவர் வாழ்க்க முழுக்க அப்பிடித்தானே வெட்டினாரு.”

அவர் மொழியியல் படித்தவர் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலைக்கு நின்றவர். ஆனால் நான் ஒரு வருடம் வகுப்பில் படித்து எழுதிப் புள்ளி வாங்கிய ஒன்றை அவர் ஒரு நிமிடத்தில் என் முகத்துக்கு நேரே வைத்துவிட்டார். ஒன்றை இன்னொன்றால் விளங்கப்படுத்தும்போது அது ஒரு பக்கத்தைக் காட்டுகிறது, மறு பக்கத்தை மறைக்கிறது. துணிக்கு இரத்தம் ஓட வேண்டியதில்லை. துணி அழுகாது. இது துணியில்லை என்று நான் வாயால் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன்பே மடித்த துணி அவர் கண்ணுக்குள் போயிருந்தது. நல்ல தையல்காரர் எவரும் கொஞ்சம் கூடுதலாகத் துணி விட்டுத்தான் வெட்டுவார். நான் அவரைக் கேட்டேனா, அல்லது கேள்விக்குள்ளேயே விடையை மடித்து வைத்துக் கொடுத்தேனா?

அவர் துணியைக் காண்பதற்கு முன்பே கீழே விரலை வைத்துவிட்டார் என்று மகனிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் ஆபத்தைக் கேட்ட பிறகு மாறியிருக்கக்கூடிய மனதை அந்தத் துணி மாறவிடாமல் பிடித்ததா என்பதை எனக்கும் சொல்ல முடியாது. மகன் வார்டுக்குத் திரும்பிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை விரிவுரையாளரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். கடைசியில், “இதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க மிஸ். உவமையே இல்லாம அவருக்கு ஆபத்தச் சொல்லியிருக்க முடியுமான்னும் தெரியல,” என்றார். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஆறுதல் சொல்லாததற்காக அவரை மதித்தேன்.

மேலே வெட்டுவதற்கான இரண்டாவது சம்மதப் பத்திரத்துக்கு நிபுணர் என்னை அழைத்தார். வெறுங்கையோடு போனேன். இந்தத் தடவை நாடாவும் இல்லை, துணியும் இல்லை. எதைச் சொன்னாலும் எதனுடனாவது ஒப்பிட்டுத்தான் சொல்லப்போகிறேன் என்று தெரியும். ஆகவே அவருடைய காலையே காட்டலாம், காலைக் காலென்றே சொல்லலாம், இரண்டு வழியாகச் சொல்லலாம் என்று தீர்மானித்திருந்தேன். வெட்டினால் என்ன மிஞ்சும் என்று ஒருமுறை, வெட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை. ஒரு பக்கத்தில் நின்று மட்டும் பார்க்க விடக்கூடாது.

கட்டிலைச் சுற்றி நிபுணர், தாதி, மனைவி, மகன். நிபுணர் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்கு முன் மகன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மூன்று மாதமாக அவர் தகப்பனைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். தகப்பனோடு பேசியதை ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கட்டில் ஓரத்தில் குந்தினார், முகம் தகப்பனின் முகத்துக்கு நேரே வரும்படி.

“வாப்பா. கால் ஆறல்ல. மேலயும் எடுக்கணும் எண்டு சொல்றாங்க. எடுக்காட்டி நஞ்சு ஒடம்பெல்லாம் போகும். எடுத்தாலும் பயம் ஈக்கிது. நான் முந்தி ஒங்ககிட்டக் கேக்கல்ல. இப்பக் கேக்கிறன். என்ன செய்வோம்?”

டெய்லர் நானா மகனைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். மகன் பேனையைக் கொடுத்தார், பத்திரத்துக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து ஏந்திப் பிடித்தார். தகப்பன் கோணலாகத் தன் பெயரை எழுதி முடித்தார்.

நிபுணர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவிருந்த இரண்டு பக்கத்தையும் மகனே சொல்லிவிட்டார், சேர்த்துச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. பக்கத்து வார்டில் எனக்கு வேறொரு நோயாளி காத்திருந்தார். அங்கே போனேன்.